பத்து நிமிடப் பெருங்காற்று

‘மினி சூறாவளி வீசியது; வீடுகளின் கூரைகள் பறந்தன’ என்றவாறான சிறு செய்தியொன்று பங்குனி, சித்திரை மாதங்களிலும், மீண்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் நம் நாளேடுகளின் உட்பக்கங்களில் இடம்பெறுவது ஆண்டுதோறும் நாம் காணும் வழக்கம். ஊரின் பெயர் மட்டுமே மாறும். ஒருமுறை அநுராதபுரத்துக் கிராமமாக இருக்கும். மற்றொருமுறை மட்டக்களப்புப் படுவான்கரையாக இருக்கும். சில வேளைகளில் எங்கள் மாத்தளை மாவட்டத்து நாவுலப் பகுதியாகவும் இருக்கும். பறந்த தகரங்களின் தொகையையும் முறிந்த மரங்களின் தொகையையும் கூறிவிட்டுச் செய்தி முடிந்துவிடும். அந்தக் காற்று யாது, எங்கிருந்து வந்தது, அது வரும்போது வீட்டிலிருந்தோர் யாது செய்திருக்கலாம் என்னும் வினாக்களுக்கு அச்சிறு செய்தியில் இடமிருப்பதில்லை.

இவற்றுள் முதலாவது வினாவுக்குக் குறுக்கே நிற்பது அப்பெயரே. ‘மினி சூறாவளி’ என்றதும் அது பெரிய சூறாவளியின் குட்டி என்று எண்ணத் தோன்றுகிறது. உண்மையில் அது குட்டியும் அன்று, உறவும் அன்று. பூனையைச் ‘சிறு யானை’ என்று அழைத்தாற்போன்றதே இப்பெயர். பெயர் பிழையாயிருப்பதில் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. சூறாவளி என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய மக்கள், அது வருமுன் வானொலி சொல்லும், கிராம உத்தியோகத்தர் வந்து அறிவிப்பார், பொருள்களைக் கட்டிவைக்க ஒரு பகலேனும் கிடைக்கும் என்றே எதிர்பார்க்கின்றனர். இந்தக் காற்றுக்கோ அப்படியான முன்னோடிகள் எவரும் இல்லர்.

இரு வேறு காற்றுகள்

தமிழகத்தார் புயல் என்றும் இலங்கையராகிய நாம் பெரும்பாலும் சூறாவளி என்றும் வழங்கும் பெருங்காற்று, வெப்பமான கடலின்மேல் தாழமுக்கமாகத் தோன்றிப் பல நாட்கள் வளர்ந்து கரைக்கு வருவது. அதன் குறுக்களவு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். 1964 டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற இரயிலைக் கடலுக்குள் இழுத்ததும் அவ்வகையதே. 1978 நவம்பர் 23, 24ஆம் நாட்களில் மட்டக்களப்பைச் சிதைத்து, ஏறத்தாழ தொள்ளாயிரம் உயிர்களைக் கவர்ந்ததும் அவ்வகையதே. 2025 நவம்பர் 28ஆம் நாள் கிழக்குக் கரையைத் தொட்டு, மலைநாடெங்கும் மண்சரிவையும் வெள்ளத்தையும் விளைவித்து, அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்ட டித்வாவும் அவ்வகையதே. மாத்தளை மாவட்டத்தவர்க்கு அந்நாட்களை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. டித்வாவில் மாண்டோருட் பெரும்பாலோரைக் கொன்றது காற்றன்று, நீரும் நீரோடு சரிந்த மண்ணுமே என்பதும் இவ்விடத்திற் குறித்துக்கொள்ளத் தக்கது.

‘மினி சூறாவளி’ என்று நாம் கூறுவது கடலிற் பிறப்பதன்று. நம் தலைக்கு மேலேயே, அன்று நண்பகலுக்குப் பின் திரண்ட ஓர் இடிமுகிலின் அடியிலிருந்து அது பிறக்கிறது. அதன் அகலம் சில நூறு மீற்றரோ சில கிலோமீற்றரோதான். அதன் ஆயுள் பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குட்பட்டது. அது கொல்வதும் நீரினால் அன்று. பறக்கும் தகரத்தாலும், முறியும் கிளையாலும், இடியும் சுவராலும், அறுந்து விழும் மின்கம்பியாலுமே.

வானிலை அறிக்கையைக் கேட்போர் ஒரு வாக்கியத்தை நன்கறிவர். இடியுடன் கூடிய மழை பெய்யும் வேளைகளில் அவ்விடங்களில் தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் இடைப்பருவக் காலங்களில் அநேகமாக நாள்தோறும் கூறும். நாள்தோறும் கேட்பதால் அதனை நாம் கேளாதவராகிவிட்டோம். ஆனால் இப்பத்து நிமிடக் காற்றுக்குரிய எச்சரிக்கை அதுவே. எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று முற்கூட்டியே கூறுதல் எவருக்கும் எளிதன்று. அதற்கு மேல் அறிய வேண்டுவதை நாமே வானத்தைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டியதுதான்.

நாவுலயின் வானம்

நாவுல, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் ஏ-9 வீதியில் உள்ளது. தென்கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. வடக்கே உலர்வலயச் சமவெளி தொடங்குகிறது. கிழக்கே மொறகஹகந்த நீர்த்தேக்கம் பரந்துள்ளது. வைகாசி முதல் ஆவணி வரை மலையைத் தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்று இங்கு ஓயாது வீசும். அக்காற்றுக்கு ஊரவர் பழகியவர்கள். அது முன்னறிவித்து வந்து, நாட்கணக்கில் ஒரே திசையில் வீசிச் செல்வது.

பங்குனி, சித்திரையில் நிலை வேறு. பருவக்காற்று எதுவும் இல்லை. காலையில் வானம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். பத்து மணிக்கே வெயில் சுடும், இலை அசையாது, வியர்வை உலராது. நண்பகலுக்குப் பின் இரு கரைகளிலிருந்தும் உட்புகும் கடற்காற்றுகள் தீவின் நடுவே நெருங்க, மலைச்சரிவுகளிலும் சூடேறிய ஈரக்காற்று மேலெழ, முகில்கள் காலிபிளவர்ப் பூவைப்போல் திரண்டு வளர்கின்றன. இவை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்துக்கும் மேலே செல்லக்கூடியவை. இரண்டு மூன்று மணியளவில் அடிப்பாகம் கரிய மையாகிவிடும். முகில் வளரும் வரையில் அதனுள்ளே காற்று மேல்நோக்கியே பாய்கிறது. அப்பாய்ச்சலால் தாங்கமுடியாத அளவுக்கு மழைத்துளியும் ஆலங்கட்டியும் சேர்ந்தபின், பாரம் கீழே இறங்கத் தொடங்கும். இறங்கும் மழை தன்னோடு காற்றையும் இழுத்துவருகிறது. மழையின் ஒரு பகுதி வழியில் ஆவியாவதால் அக்காற்றுக் குளிர்ந்து, கனம் கூடி, இன்னும் விரைவாக விழுகிறது. இவ்வாறு விழும் காற்று நிலத்தில் மோதிய பின் எங்கே செல்லும்? வாளி நீரைச் சிமெந்துத் தரையிற் கொட்டினால் அது எல்லாப் பக்கமும் சிதறுவதுபோல், நாற்றிசையும் பாய்கிறது. மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகம் இதற்கு அரிதன்று.

நம் நாட்டில் ‘மினி சூறாவளி’ என்று எழுதப்படுபவற்றுட் பல இவ்வாறு கீழ்நோக்கி விழுந்து சிதறும் காற்றாக இருத்தல் கூடும். சில மட்டும் உண்மையிலேயே சுழல்பவை. இரண்டையும் வேறுபடுத்தக் கற்பித்தவர் ஒரு ஜப்பானியப் பேராசிரியர். அவருடைய வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது.

மரங்களைப் படித்தவர்

தெற்சுயா புஜிட்டா 1920இல் ஜப்பானின் கியூஷு தீவில், கொக்குரா நகர்ப்பகுதியிற் பிறந்தவர். 1945 ஓகஸ்ட் 9ஆம் நாள் இரண்டாவது அணுகுண்டு விழ இருந்தது கொக்குராவின் மேலேதான். வானம் மறைந்திருந்தமையால் விமானி குறியைக் காணாது நாகசாக்கிக்குத் திரும்பினார். உயிர்தப்பிய இளம் ஆசிரியரான புஜிட்டா, பின்னர் நாகசாக்கியின் அழிவை ஆராயச் சென்றார். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே நின்றிருந்த மரங்கள் கருகியும் விழாமல் நின்றன. சூழவுள்ள மரங்களோ நடுவிலிருந்து வெளிநோக்கி, விண்மீனின் கதிர்கள்போல் வீழ்ந்து கிடந்தன. மேலிருந்து வந்த விசை நிலத்தில் மோதிச் சிதறிய சுவடு அது. அந்தக் கொடுங்காட்சி அவர் நெஞ்சில் நிலைத்துவிட்டது.

1953இல் அவர் சிக்காகோப் பல்கலைக்கழகம் சென்று, அமெரிக்கச் சுழற்காற்றுகளை ஆராயத் தொடங்கினார். சேதத்தைக் கொண்டு காற்றின் வலிமையைத் தரப்படுத்தும் புஜிட்டா அளவுகோலை 1971இல் வெளியிட்டார். அது திருத்தப்பட்டு, 2007 முதல் அமெரிக்காவில் வழக்கிலுள்ளது. 1974 ஏப்ரல் 3, 4ஆம் நாட்களில் அமெரிக்காவில் 148 சுழற்காற்றுகள் தோன்றின. அவற்றின் சுவடுகளை விமானத்திலிருந்து பார்த்துச் சென்றபோது, சில காடுகளில் மரங்கள் சுழன்று வீழாமல் நடுவிலிருந்து வெளிநோக்கி வீழ்ந்திருப்பதைக் கண்டார். முப்பதாண்டுக்கு முன் நாகசாக்கியிற் கண்ட அதே கோலம்! அடுத்த ஆண்டு, 1975 ஜூன் 24ஆம் நாள், நியூயோர்க்கில் தரையிறங்க முயன்ற விமானமொன்று இடிமழையினூடே வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முகிலிலிருந்து விழுந்த காற்றே அதனைத் தரையில் அறைந்தது என்று புஜிட்டா விளக்கினார். அறிஞர் சிலர் ஐயுற்றனர், அவர் விடவில்லை. ராடார் சோதனைகள் பின்னர் அவர் கூற்றையே உறுதிசெய்தன. விமான நிலையங்களில் இவ்வகைக் காற்றைக் கண்டறியும் கருவிகள் இன்று வைக்கப்பட்டிருப்பதற்கும், ஏராளமான உயிர்கள் தப்பியிருப்பதற்கும் அந்த வீழ்ந்த மரங்களே காரணம் எனலாம்.

சுழலும் காற்று

இனி, உண்மைச் சுழற்காற்றான டோர்னாடோவைக் காண்போம். 1996இல் வந்த ‘ட்விஸ்டர்’ படத்தையும், 2024இல் வந்த அதன் வழிப்படத்தையும் பார்த்த மாணவர்கள் வகுப்பிலே, “சேர், எங்கள் ஊருக்கும் இது வருமா?” என்று கேட்கிறார்கள். கேட்பவரின் முகத்தில் அச்சம் பாதி, ஆவல் பாதி.

வலிய டோர்னாடோவுக்குச் சில பொருத்தங்கள் ஒருங்கே அமைய வேண்டும். நிலத்தருகே வெப்பமான ஈரக்காற்று இருத்தல் வேண்டும். அதன்மேல் குளிர்ந்த வறண்ட காற்றுப் படர வேண்டும். உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகமும் திசையும் மாறுதல் வேண்டும். கீழ்க்காற்று மெதுவாகவும் மேற்காற்று விரைவாகவும் செல்லும்போது இடையிலுள்ள காற்று, இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டும் பென்சில்போல் படுக்கையாக உருளும். இடிமுகிலின் மேலெழும் பாய்ச்சல் அவ்வுருளையை நிமிர்த்திவிட, முகிலே மெல்லச் சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சி ஒடுங்க ஒடுங்க வேகம் மிகும். கைகளை விரித்துச் சுழலும் நடனமாது கைகளை மார்போடு சேர்த்ததும் விரைந்து சுழல்வதை ஒப்புநோக்குக. சுழலும் முகில்கள் யாவும் டோர்னாடோவை ஈனுவதில்லை. எந்த முகில் ஈனும், எது ஈனாது என்பதே இன்றைய ஆராய்ச்சியாளரை வருத்தும் புதிர். ஈன்ற பின்னரோ அதன் வலிமைக்கு ஒப்பில்லை. 1999 மே 3ஆம் நாள் ஒக்லகோமாவில் ராடார் அளந்த வேகம் மணிக்கு 480 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது.

டோர்னாடோவை அமெரிக்காவுக்கே உரியதென எண்ணுவோர் பலர். ஆயினும் உலக வரலாற்றிலேயே மிகுதியான உயிர்களைக் கொன்றதாகக் கூறப்படும் டோர்னாடோ நம் வங்காள விரிகுடாவின் வடகரை நாட்டில் நிகழ்ந்தது. 1989 ஏப்ரல் 26ஆம் நாள் மாலையில், வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்துத் தௌலத்பூர், சாட்டூரியா ஊர்களினூடே அது சென்றது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். எண்பதினாயிரம் பேர் வீடிழந்தனர். விரிகுடாவின் ஈரக்காற்றும், வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும், உயரே வீசும் மேலைப் பெருங்காற்றும் சித்திரை மாதத்திலே அங்கு சந்திக்கின்றன. அமெரிக்காவில் 1925 மார்ச் 18ஆம் நாள் மூன்று மாநிலங்களைக் கடந்து சென்ற பெருஞ்சுழல் கொன்றது 695 பேரை. வங்காளத்தில் மாண்டோர் அதன் இரு மடங்குக்குச் சற்றே குறைவு. மூங்கிலும் தகரமுமாகிய நெருக்கமான வீடுகளே இவ்வேற்றுமைக்குப் பெரிதும் காரணம். காற்று ஏழை பணக்காரர் பாராது என்பர். கூரை பார்க்கிறதே!

இந்தியத் தலைநகரும் இதனைக் கண்டதுண்டு. 1978 மார்ச் 17ஆம் நாள் வட டெல்லியில், பல்கலைக்கழகத்தை அண்டிய பகுதியில் ஒரு டோர்னாடோ இறங்கியது. சில நிமிடங்களே நிலத்தில் நின்றது. 28 பேர் உயிரிழந்தனர். டெல்லியில் டோர்னாடோவா என்று அன்று எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

நம் தீவுக்கு வருவோம். மாணவர் வினாவுக்கு விடை இதுதான்: சிறிய சுழற்காற்று வரும், வங்காளத்தது போன்ற பெருஞ்சுழல் தோன்றுவதற்கான பொருத்தங்கள் இங்கு அமைவது மிக அரிது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், 6 முதல் 10 பாகை வட அகலக்கோட்டுக்குள் இருக்கிறோம். குளிர்ந்த வறண்ட காற்றுத் திரள் நம்மை எட்டுவதில்லை. இடைப்பருவக் காலத்தில் மேற்காற்றும் வலுவற்றது. ஆகையால் இங்கே சுழல் உண்டாவது பெரும்பாலும் வேறு வழியில். நிலமட்டத்தில் இரு காற்றுகள் உரசுமிடத்தில் தோன்றும் சிறு சுழியொன்றை, அதற்கு நேர்மேலே வளரும் முகில் உறிஞ்சி நீட்டிவிடுகிறது. இதுவே கடலிலோ குளத்திலோ நிகழ்ந்தால் நீர்த்தூணாகத் தோன்றும். 2014 மே மாதத்தில் சிலாபத்துக்கு அண்மையில் ஒரு கிராமத்தில் வானத்திலிருந்து சிறு மீன்கள் விழுந்தமை பலர்க்கு நினைவிருக்கலாம். நீர்த்தூண் ஒன்று அள்ளிச்சென்ற மீன்கள் அவை என்பதே தரப்பட்ட விளக்கம். வெயில் வேளையில் வெளியான மைதானத்திற் குப்பையைச் சுழற்றும் ‘பேய்க்காற்று’ இவற்றுள் எதுவும் அன்று. அதற்கு முகிலே வேண்டியதில்லை, பேயும் வேண்டியதில்லை, சுட்ட தரை போதும்.

கூரை ஏன் பறக்கிறது?

சிறிய சுழல்தானே என்று இகழ்தலாகாது. நம் கூரைகளும் சிறியனவே. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பது பௌதிகம். மணிக்கு 100 கிலோமீற்றரில் வீசும் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 47 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். 150 கிலோமீற்றரில் அது 100 கிலோகிராமைத் தாண்டும். கூரைமேல் பாயும்போது இவ்விசையின் பெரும்பகுதி மேல்நோக்கி உறிஞ்சும் இழுவையாகிறது. ஒரு சதுர மீற்றர்த் தகரத்தின் எடையோ சில கிலோகிராமே. எனவே தகரத்தைத் தாங்கி நிற்பது அதன் எடையன்று, ஆணியே. ஆணி கழன்றால் தகரம் போகும். கைமரம் சுவரோடு பிணைக்கப்படாவிடில் கூரையே முழுதாகப் போகும்.

இங்கே ஒரு பழைய பிழை நம்பிக்கையை நீக்கியாக வேண்டும். சுழற்காற்று வரும்போது யன்னல்களைத் திறந்துவிட்டால் உள்ளும் புறமும் அழுத்தம் சமனாகி வீடு தப்பும் என்று ஒருகாலத்தில் நூல்களிலும் எழுதினர். அது தவறென்பது இன்று தெளிவாகிவிட்டது. திறந்த யன்னலால் காற்று உட்புகுந்து, கூரையை உள்ளிருந்து தள்ளும். வெளியே உறிஞ்சலும் உள்ளே தள்ளலும் ஒருங்குசேரக் கூரை விரைவிலேயே கழலும். கதவு, யன்னல் யாவும் மூடியிருக்க வேண்டும். மூடுவதற்கு நேரமில்லையெனில், அதற்காக யன்னலருகே ஓடலாகாது.

மழைக்காலத்துக்கு முன் ஓர் ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்குவோர் நல்லறிவினர். கூரையின் ஓரங்களும் முகட்டு வளையின் இருபுறமுமே முதலிற் பெயர்பவை. அவ்விடங்களில் துருப்பிடித்த ஆணிகளை மாற்றி நெருக்கமாக அடிக்க வேண்டும். கைமரத்தைச் சுவரின் மேல்விட்டத்தோடு இரும்புப் பட்டியாலோ தடித்த கம்பியாலோ கட்டுதல் சிறு செலவு. விறாந்தைக் கூரை வீட்டுக் கூரையின் நீட்டமாக இராமல் தனியாக இருப்பின், அது பறந்தாலும் வீட்டுக் கூரையை இழுத்துச் செல்லாது. தகரத்தின்மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றிவைக்கும் வழக்கம் ஊரெங்கும் உண்டு. கட்டப்படாத கல் காற்றில் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டின்மேல் சாய்ந்த பலாக் கிளையை வெட்ட மனம் வராதுதான். காய்க்கும் கிளையே சாய்ந்து நிற்பது பலாவின் குணம் போலும்!

அந்தப் பத்து நிமிடங்கள்

1948 மார்ச் 20ஆம் நாள் ஒக்லகோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டோர்னாடோ தாக்கிப் பல விமானங்களை நொறுக்கியது. அங்கிருந்த வானிலை அதிகாரிகளான போபுஷ், மில்லர் என்னும் இருவரும் அன்றைய வானிலைப் படங்களைக் கற்று, ஐந்தே நாட்களில், மார்ச் 25ஆம் நாள், அதே அமைப்பு மீண்டும் தோன்றக் கண்டு முன்னறிவிப்புச் செய்தனர். அன்று மாலையே அதே தளத்தில் இரண்டாவது டோர்னாடோ இறங்கியது. விமானங்கள் முன்னரே காக்கப்பட்டிருந்தன. டோர்னாடோவை முன்கூட்டிக் கூறிப் பலித்தது அதுவே முதன்முறை. அதுவரையில், மக்கள் கலவரமடைவர் என்றஞ்சி அந்தச் சொல்லையே முன்னறிவிப்பில் வழங்காதிருந்தது அமெரிக்க வானிலைப் பணியகம். இன்று அத்துணை ராடார்கள் இருந்தும் அந்நாட்டவர்க்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு நேரம் சராசரியாகப் பத்துப் பதினைந்து நிமிடங்களே. ராடார் எச்சரிக்கை எட்டாத நம் கிராமத்தில் அந்தப் பத்து நிமிடங்களைத் தருவது வானமும் காதும் தோலுமே.

புழுக்கமான பிற்பகலில், கரிய முகிலின் முன்விளிம்பு அலமாரித் தட்டைப்போல் தாழ்ந்து நெருங்கினால் அது முதற்குறி. அதுவரை அசையாதிருந்த காற்றுத் திடீரெனக் குளிர்ந்து வீசினால், முகிலிலிருந்து விழுந்த காற்றின் முனை நம்மை எட்டிவிட்டது என்று பொருள். இனி நேரம் சில நிமிடங்களே. ஆலங்கட்டி விழுதலும், தொலைவில் தூசி எழுந்து நகர்தலும் அடுத்த குறிகள். முகிலின் அடியில் தும்பிக்கை போன்றதொன்று தொங்குவதும், அது தெரியாவிடினும் நிலத்தில் ஓரிடத்திற் குப்பையும் தூசியும் வட்டமாகச் சுழல்வதும் டோர்னாடோவுக்கே உரியவை. ஓயாத இரயிலோசை போன்றதோர் இரைச்சல் கேட்கும் என்று கண்டோர் கூறுவர். நாவுலயில் இரயிலோசை எங்கே கேட்கப்போகிறது? இரயிற்பாதைதான் மாத்தளையோடு முடிந்துவிடுகிறதே. தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகள் பத்து ஒருங்கே ஏறிவரும் ஓசை என்று எங்கள் சிறுவர்க்குச் சொல்லலாம்.

அவ்வேளையில் விறாந்தையில் நின்று வேடிக்கை பார்ப்பதும், கைத்தொலைபேசியிற் படம் பிடிப்பதும், கொடியிற் காயும் துணிக்காக ஓடுவதும் உயிரோடு விளையாடுதலாகும். வீட்டில் கொங்கிறீற் தட்டுக் கூரையுடைய அறை ஏதேனும் இருப்பின் அதுவே புகலிடம். பல வீடுகளில் குளியலறை மட்டுமே அவ்வாறு கட்டப்பட்டிருக்கும். அஃதில்லையேல் யன்னல்களுக்கு எட்டத்தில், வீட்டின் நடுவிலுள்ள சிறிய அறையிற் சென்று, உட்சுவரோரம் குந்தியிருந்து, கைகளாலும் தலையணையாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். வலிய மேசையோ கட்டிலோ இருந்தால் குழந்தைகளை அதன்கீழ் இருத்தலாம். முதியோரை முதலில் அழைத்துச் செல்லுதல் வேண்டும், அவர்கள்தாம் “இதென்ன காற்று, நான் காணாத காற்றா?” என்று நாற்காலியை விட்டு எழமாட்டார்கள். தோட்டங்களின் லயங்களில் ஒரே கூரை பல குடும்பங்களை மூடியிருப்பதால், ஓரறையின் தகரம் பெயர்ந்தால் அடுத்ததும் பெயரும். அண்மையிற் கொங்கிறீற் கட்டடம் இருப்பின் முகில் கறுக்கும்போதே அங்கு சென்றுவிடுதல் நன்று.

பாடசாலைகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். நீண்ட அகன்ற தகரக் கூரையுடைய மண்டபமே காற்றுக்கு முதற்பலி. கூட்டமாக மாணவரை ‘பாதுகாப்பாக’ அங்கே சேர்த்துவைத்தல் நேர்மாறான செயல். மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள வகுப்பறைகளில், யன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் இருத்துதல் வேண்டும். மணி அடித்துவிட்டது என்பதற்காக அந்நேரத்தில் மாணவரை வீதிக்கு விடலாகாது.

வெளியில் அகப்பட்டோர்க்கு நல்ல வழி என்று ஒன்றில்லை. தீமையிற் குறைந்ததைத் தேர வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் பெருங்காற்றில் நிலைகொள்ளா. மரத்தையும் மின்கம்பத்தையும் விட்டு விலகி நிறுத்தி, உறுதியான கட்டடத்தை நாட வேண்டும். வீதியோரப் பெருமரத்தடி மழைக்கு நிழல்; இடிக்கும் காற்றுக்கும் பொறி. கட்டடம் எதுவும் இல்லாவிடில், வெள்ளம் பாயாத தாழ்நிலத்தில் தலையை மூடிப் படுத்தலே எஞ்சியது. சேனைக் காவற்பரணில் இருப்போர் முதல் இடியோசைக்கே இறங்கிவிட வேண்டும். நீர்த்தேக்கத்திற் சிறு வள்ளத்தில் மீன்பிடிப்போர் முகில் கறுக்கும்போதே கரையேற வேண்டும். குளிர்காற்றுத் தொட்ட பின் கரைக்கு வலித்து வர நேரம் போதாது.

காற்று அடங்கியதும் எல்லோரும் ஒருமிக்க முற்றத்துக்கு ஓடுவர். அங்கேதான் அறுந்த கம்பி கிடக்கும். மழைநீரில் கிடக்கும் கம்பி உயிரற்றதுபோல் தோன்றும், அதனை நம்பலாகாது. மின்சார சபையின் 1987 என்னும் இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் மாடுகளையும் அப்பக்கம் விடாதிருத்தல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அவசர நோயாளர் வண்டிக்கு 1990. நொறுங்கிய அஸ்பெஸ்ரஸ் துண்டுகளை உலர்ந்தபடி கூட்டிப் பெருக்கினால் அதன் நுண்ணிழைகள் நுரையீரலுட் செல்லும். நீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, உரப்பையிலிட்டு அகற்ற வேண்டும். சேதத்தைக் கிராம உத்தியோகத்தருக்குக் காட்டுமுன் படமெடுத்து வைத்துக்கொள்வது நட்டஈடு கோருவோர்க்கு உதவும்.

இவையெல்லாம் முடிந்து, கம்பிகளும் அகற்றப்பட்ட பின், விழுந்த மரங்களை வெட்டி அகற்றுமுன், மாணவர்க்கு ஒரு வேலை உண்டு. ஒரு காந்தத் திசைகாட்டியும் கொப்பியும் எடுத்துச் சென்று, ஒவ்வொரு மரமும் எத்திசை நோக்கி வீழ்ந்திருக்கிறது என்பதை ஊரின் வரைபடத்தில் அம்புக்குறியாக இடுக. அம்புகள் யாவும் ஓரிடத்திலிருந்து விசிறிபோல் விரிந்து சென்றால் அது மேலிருந்து விழுந்த காற்று. ஒடுங்கிய ஒரு பட்டைக்குள் ஒன்றையொன்று நோக்கியும் குறுக்கிட்டும் கிடந்தால் அது சுழன்று சென்ற காற்று. நாளும் நேரமும் குறித்து அப்படத்தின் ஒரு பிரதியை வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு அனுப்பலாம். மற்றொன்றை வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம்.